பிரசவத்துக்குப் பின் சிறுநீர் கசிகிறதா? மறைக்காதீர்கள்!

"உட்காரும்மா" என்றேன். அந்தப் பெண் உட்காரவில்லை. அவளுடைய அம்மாதான் பேசினார். "சிசேரியன் ஆகி ரெண்டு மாசம் ஆச்சுங்க ஐயா. இவளுக்கு ஒண்ணுக்கு நிக்கவே மாட்டேங்குது. நெருஞ்சிமுள் கஷாயம் ஏதாவது குடுங்க."

நாற்காலி நனைந்துவிடுமோ என்ற பயத்தில்தான் அவள் நின்றாள். ஒன்றரை நாள் வலி. குழந்தையின் தலை இறங்காமல் மாட்டிக்கொள்ள, கடைசியில் அவசர ஆபரேஷன். கசிவுக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்திருந்தாள்.

"இருமினா, தும்மினா மட்டும் வருதா? இல்லே எந்நேரமும் வருதா?" என்று கேட்டேன்.

"தூங்கும்போதுகூட வருதுங்க."

வாசகியரே, விஷயமே இந்தப் பதிலில்தான் இருக்கிறது.

இருமும்போது மட்டும் வந்தால்...

இடுப்பின் அடித்தசைகள் தளர்ந்திருக்கின்றன. சிறுநீரை அடக்குவதுபோல அந்தத் தசைகளை உள்ளிழுத்துச் சில விநாடிகள் பிடித்து, பிறகு விடுங்கள். ஒரு வேளைக்கு 8 முதல் 10 தடவை, தினம் 3 வேளை, குறைந்தது 3 மாதம் செய்யுங்கள். பலருக்கு நல்ல குணம் தெரியும்.

எந்நேரமும் கசிந்தால்...

கர்ப்பப்பைக்கு முன்னால் ஒட்டினாற்போல இருப்பது மூத்திரப்பை. குழந்தையின் தலை வெகுநேரம் மாட்டிக்கொண்டால், பை எலும்போடு நசுங்கி, ரத்த ஓட்டம் நின்று, அந்த இடம் அழுகிவிடலாம். ஏற்கெனவே சிசேரியன் ஆனவர்களுக்குப் பை தழும்போடு ஒட்டியிருப்பதால் ஆபரேஷனில் கிழிவதும் உண்டு. பெரும்பாலும் டாக்டர் அப்போதே பார்த்துத் தைத்துவிடுவார். கவனத்துக்கு வராமல் போனாலோ, சில நாள் கழித்து ஓட்டை விழுந்தாலோதான் இப்படி ஓயாமல் கசியும்.

சித்த மருத்துவனான நானே சொல்கிறேன். நெருஞ்சிலும் சிறுகண்பீளையும் நீரைப் பெருக்கும், ஓட்டையை அடைக்காது. பையில் நீலச் சாயம் செலுத்திப் பார்த்து ஓட்டையைக் கண்டுபிடிப்பார்கள். சின்ன ஓட்டையைச் சீக்கிரம் கண்டுபிடித்தால், சில வாரம் டியூப் போட்டே ஆறிவிடுவதுண்டு. இல்லாவிட்டால், புண் ஆறிய பிறகு ஆபரேஷன். அதனால் நாளைக் கடத்தாதீர்கள்.

இன்னும் சில விஷயங்கள்

* பிரசவமாகியோ, டியூப் எடுத்தோ 6 மணி நேரமாகியும் சிறுநீர் போகாவிட்டால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.

* குளிர்காய்ச்சல், எரிச்சல், ரத்தம் கலந்த சிறுநீர் இருந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

* "பச்சை உடம்புக்காரி தண்ணி குடிக்கக் கூடாது" என்று தடுக்காதீர்கள். நீர் குறைந்தால் சிறுநீர் கடுத்துப் புண்ணை இன்னும் எரிக்கும்.

* ஓட்டையைத் தைத்தவர்கள் அடுத்த பிரசவத்தைப் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் சிசேரியன்தான் நல்லது.

அந்தப் பெண்ணைக் கஷாயம் கொடுக்காமல் சிறுநீரகப் பிரிவுக்குச் சீட்டு எழுதி அனுப்பினேன். ஆபரேஷன் முடிந்து சில மாதம் கழித்துக் குழந்தையோடு வந்தாள். நான் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

உங்கள் வீட்டிலும் ஒரு பெண் உட்காரத் தயங்கினால், ஏனென்று கேளுங்கள்.