வெட்டிய பற்றையை எரிக்காதீர்கள், எருவாக்குங்கள்

பல வருடங்களாக ஆளில்லாமல் கிடந்த உங்கள் வளவிலும் தோட்டத்திலும் பற்றை மண்டியிருக்கும். கண்ணிவெடி அகற்றப்பட்டு, உங்களிடம் கையளிக்கப்பட்ட காணியில் மட்டும் துப்புரவு வேலை செய்யுங்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல் கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.

வெட்டிய பற்றைக்குத் தீ வைக்கவேண்டாம். மண்ணுள் வெடிபொருள் எஞ்சியிருந்தால் சூட்டில் வெடிக்கக்கூடும். பயிருக்குச் சேரவேண்டிய நைதரசனும் புகையோடு போய்விடும்.

பற்றை எப்படி எருவாகிறது?

இலை, வைக்கோல், தடி ஆகியவற்றின் முக்கிய பகுதி செலுலோசு. ஆயிரக்கணக்கான குளுக்கோசு அலகுகள் சங்கிலிபோல் இணைந்த பொருள் இது, நீரில் கரையாது. மண்ணிலுள்ள பங்கசுக்களும் பற்றீரியாக்களும் நொதியங்களைச் சுரந்து இதை உடைக்கின்றன. ஒரு நொதியம் சங்கிலியை நடுவில் வெட்டும். இன்னொன்று நுனியிலிருந்து சிறு துண்டுகளாகக் கழற்றும். மூன்றாவது அத்துண்டுகளைக் குளுக்கோசாக மாற்றும். அதுவே இந்த நுண்ணங்கிகளின் உணவு. அவை உண்டு பெருகும்போது குவியல் சூடேறும்.

சாணமும் குழையும் ஏன்?

நுண்ணங்கிகள் பெருக நைதரசனும் தேவை. ஒரு பங்கு நைதரசனுக்கு 25 முதல் 30 பங்கு காபன் இருப்பது நல்லது. வைக்கோலில் ஏறத்தாழ 80 பங்கு காபன் உண்டு. ஆகவே வைக்கோலை மண்ணில் புதைத்து உடனே பயிரிட்டால், நுண்ணங்கிகள் மண்ணின் நைதரசனை எடுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகும். நைதரசன் கூடிய பச்சைக் குழையை நேரடியாகத் தாழ்க்கலாம். வைக்கோலையும் சருகையும் முதலில் கூட்டெருவாக்குங்கள்.

செய்யும் முறை

1. நிழலான மேட்டு நிலத்தைத் தெரிவுசெய்யுங்கள்.
2. பற்றையைச் சிறு துண்டுகளாக வெட்டுங்கள். தடித்த கட்டைகளை விறகுக்கு வையுங்கள். விதை பிடித்த பார்த்தீனியத்தைச் சேர்க்கவேண்டாம்.
3. சருகு, கிளிசரியாக் குழை, சாணம் என மாறிமாறி அடுக்கி, சுமார் 1 மீற்றர் உயரத்துக்குக் குவியுங்கள்.
4. தண்ணீர் தெளியுங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி மட்டும் வரவேண்டும். மழைக்கு ஓலையால் மூடுங்கள்.
5. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். காற்றுப் படாவிட்டால் நாறும். புரட்டுமுன் தடியால் தட்டுங்கள்; பாம்பு தங்கியிருக்கலாம்.

ஏறத்தாழ 3 மாதத்தில் சூடு தணிந்து, கறுத்து, மண்வாசனை வரும். அப்போது தோட்டத்துக்கு இடலாம். மேலும் ஆலோசனை தேவையானால் உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைச் சந்தியுங்கள்.