தொடர்கதையை மூடிவிட்டு...

மத்தியானம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, கைக்குழந்தையையும் தூங்கப் போட்டால் நமக்கென்று கிடைப்பது ஒரு மணி நேரம். ஏம்பலத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அது தொடர்கதைக்கான நேரம். சரித்திரம் என்றாலே காத தூரம் ஓடுவேன்! ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த மூத்தவள், "டூப்ளே யாரும்மா?" என்றாள். புதுச்சேரிக்காரி நான், திருதிருவென்று விழித்தேன். அந்த வெட்கத்தில்தான் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை எடுத்தேன்.

பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயிடம் துபாஷாக இருந்தவர் பிள்ளை. 1736-ல் எழுதத் தொடங்கியிருக்கிறார். முதல் பத்துப் பக்கம் கல்லும் முள்ளும்தான். பழைய தமிழ், நடுநடுவே பாரசீகச் சொல், பிரெஞ்சுச் சொல். மூடி வைத்துவிட்டேன். அப்புறம் நடுவில் பிரித்தேன் பாருங்கள், விட மனசில்லை! சண்டையும் சரக்கு வியாபாரமும் மட்டுமா? கல்யாணம், ஜோசியம், ஊர்வம்பு எல்லாம் உண்டு. டூப்ளேயின் மனைவியைப் பற்றிப் பிள்ளை பொருமுவது நம் தெருப் பேச்சு மாதிரியே இருக்கிறது. (அந்த அம்மாளும் ஒரு நாட்குறிப்பு எழுதியிருந்தால் தெரியும் சேதி!)

கடினமாகப் பட்டால், பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' நாவல்களில் ஆரம்பியுங்கள். அதே காலம், அதே மனிதர்கள். பின்னது 1995-ல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றது.

இப்போதெல்லாம் ராத்திரி சோறு போடும்போது மூத்தவள் கேட்பது, "அப்புறம் டூப்ளே பொண்டாட்டி என்னம்மா செஞ்சாங்க?"