செவிவழி – 17: பெயரில்லாமல் வந்த பாட்டு

சென்ற வாரம் ரிங்டோன்களைப் பற்றி எழுதினேன். அதை ஒட்டிய கிளை ஒன்று பாக்கி இருக்கிறது.

கைக்குக் கை யூடியூப் வராத காலத்தில், சின்னசேலம் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துச் செல்போன் கடைகளில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருவார்கள். கச்சிராயபாளையம், வெள்ளிமலை என்று மலைப்பக்கமிருந்து இறங்கி வருகிறவர்கள் கார்டைக் கொடுத்துவிட்டு, சாமான் வாங்கிக்கொண்டு திரும்பி வருவார்கள். அப்படி ஒரு கடையில் நானும் கார்டை நீட்டினேன். இளையராஜா, ரஹ்மான், பக்திப் பாடல்கள் என்ற வரிசையில் ‘கேம் பிஜிஎம்’ என்றும் ஒரு ஃபோல்டர் இருந்தது. உள்ளே ‘டிராக் 1’, ‘டிராக் 2’. முதலாவதைப் போட்டதுமே தெரிந்துவிட்டது, மரியோ.

“இது யார் போட்ட மியூசிக் தம்பி?”

“கேம்ல வர்றதுதாண்ணா. அதுக்கெல்லாம் யாரு பேரு போடுவா?”

அவன் சொன்னதில் தப்பில்லை. ஜப்பானில் நின்டெண்டோ 1985இல் வெளியிட்ட ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ விளையாட்டை முழுக்க ஆடி முடித்தாலும் இசையமைத்தவர் பெயர் திரையில் வராது. அவர் கோஜி கோண்டோ. அப்போது வயது 24. அந்த விளையாட்டு ஓடிய நின்டெண்டோ பெட்டியின் சிப்பில் இருந்தவை ஐந்தே குரல்கள்: மெட்டுக்கு இரண்டு சதுர அலை, பேஸுக்கு ஒரு முக்கோண அலை, தாளத்துக்கு ஓர் இரைச்சல், பதிவுசெய்த ஒலித்துணுக்குக்கு ஒன்று. காசு எடுக்கும் சத்தத்துக்கும் குதிக்கும் சத்தத்துக்கும் தனிக் குரல் கிடையாது. மரியோ குதிக்கும்போது மெட்டின் ஒரு குரல் கண நேரம் ஒதுங்கி வழிவிடும். இந்த நெருக்கடிக்குள் அவர் கட்டிய மெட்டு நாற்பது வருஷமாக மனிதர்கள் வாயில் முணுமுணுப்பாக இருக்கிறது. 2023இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அதைச் சேர்த்தது. வீடியோ கேம் இசை அந்தப் பட்டியலில் ஏறியது அதுவே முதல்முறை.

நம் ஊர்களுக்கு நின்டெண்டோ பெட்டி அதிகம் வரவில்லை. பெரும்பாலும் வந்தது அதன் நகல், ‘டிவி கேம்’. கூடவே மஞ்சள் கேசட். கம்பெனிப் பெயரைக்கூட முதல் திரையிலிருந்து சுரண்டி எடுத்துவிட்ட கேசட்டுகள் அவற்றில் ஏராளம். ஆக, இசை நம் காதுக்கு வரும்போதே அநாதையாகத்தான் வந்தது.

இந்த இடத்தில் ரசிகர்கள் செய்த காரியத்தைச் சொல்லியாக வேண்டும். கேசட்டிலிருந்து இசைக்கான நிரலை மட்டும் பிரித்து ‘என்எஸ்எஃப்’ என்ற கோப்பாக இன்டர்நெட்டில் பகிர்ந்தார்கள். அதில் பதிவுசெய்த பாட்டு இல்லை. ஸ்வரக்குறிப்பும் அதை வாசிக்கும் கட்டளையும்தான் இருக்கின்றன. நம் கம்ப்யூட்டரிலோ போனிலோ உள்ள பிளேயர் அந்தப் பழைய சிப்பாக வேஷம் கட்டி, நம் முன்னாலேயே வாசிக்கிறது. மரியோ விளையாட்டு, படமும் இசையும் சேர்த்தே 40 கிலோபைட்தான். நான்கு நிமிஷ எம்பி3 பாட்டு ஒன்று அதைப்போல நூறு மடங்கு. என்எஸ்எஃப் கோப்போ டவர் எடுக்காத மலையூரிலும் ப்ளூடூத்தில் கண்சிமிட்டும் நேரத்தில் கை மாறிவிடும்.

என்னை அசைத்தது அந்தச் சிக்கனமல்ல. என்எஸ்எஃப் கோப்பின் தலைப்பகுதி மொத்தமே 128 பைட். அதில் விளையாட்டின் பெயருக்கு 32, உரிமையாளர் பெயருக்கு 32, இசையமைத்தவர் பெயருக்கு 32. இவ்வளவு இறுக்கமான இடத்திலும் அந்த மனிதருக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள்.

பெரிய இடத்தில் நடந்ததையும் பாருங்கள். யூடியூபில் நின்டெண்டோ இசையை வரிசையாக ஏற்றி வைத்திருந்த கில்வாசன்னர் என்ற சேனல், 2022 தொடக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காப்புரிமைத் தடைகள் வந்த பிறகு மூடப்பட்டது. உரிமை நின்டெண்டோவுடையது, அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் 2024 அக்டோபரில் அவர்களே ‘நின்டெண்டோ மியூசிக்’ என்ற செயலியைக் கொண்டுவந்தபோது, அதில் இசையமைப்பாளர்களின் பெயர் இல்லை. இதை நான் அநியாயம் என்றே சொல்வேன்.

நமக்கு நெருக்கமான விளையாட்டு ஒன்று: 2023இல் கனடாவின் விசை கேம்ஸ் வெளியிட்ட ‘வெண்பா’. அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதை. இட்லி வேகும்போது ரேடியோவில் தமிழ்ப் பாட்டு ஒலிக்கும். காலம் நகர நகர சினிமாப் பாட்டின் பாணியும் மாறிக்கொண்டே வரும். அத்தனையும் அந்த விளையாட்டுக்கென்றே புதிதாகப் போட்டவை. இசையமைத்தவர் ஆல்ஃபா சம்திங் என்ற புனைபெயர் கொண்டவர். 2024இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதை வாங்கிய படைப்பு அது. நம் மொழிப் பாட்டையாவது ‘டிராக் 1’ ஆக்கிவிடக் கூடாது.

உங்கள் போனில் ஏதாவது ஒரு கேம் பிஜிஎம் கட்டாயம் இருக்கும். இந்த வாரம் அதைப் போட்டவர் யாரென்று தேடி, ஃபைல் பெயரில் சேர்த்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்புங்கள்.