நால்வரும் நல்லவர்களே, ஆனால்...

நம்மிடையே இனிப்புநீர் இல்லாத குடும்பம் அரிது. அப்படி ஒருவருக்குக் காலில் முள் குத்திப் புண்ணாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

டாக்டர் மாத்திரை எழுதுகிறார். மிஸ்ஸி புண்ணைக் கழுவிக் கட்டுகிறார். மருந்தாளர் மருந்து கொடுக்கிறார். உணவு ஆலோசகர் சோற்றைக் குறைக்கச் சொல்கிறார். நால்வரும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்தார்கள். ஆனால் அவர் ஈரப் பூட்ஸோடு தினமும் பெரட்டுக்குப் போவது மிஸ்ஸிக்கு மட்டுமே தெரியும். பசியாறாமல் மாத்திரை போட்டு மயக்கம் வந்ததால் அதை நிறுத்திவிட்டார் என்பது மருந்தாளருக்கு மட்டுமே தெரியும். டாக்டரோ, சர்க்கரை இறங்கவில்லையே என்று மாத்திரையை இன்னும் கூட்டுகிறார். புண் ஆறவில்லை. கடைசியில் காலையே எடுக்கும் நிலை!

இது யார் குற்றம்? தனித்தனியே படித்தவர்கள் தனித்தனியே வேலை செய்வதுதான் குறை.

இதை உணர்ந்துதான் ஸ்வீடனில் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகம் 1986-இல் மருத்துவம், தாதிமை மாணவர்களையும் மற்றச் சுகாதாரத் துறை மாணவர்களையும் சில பாடங்களில் ஒன்றாக உட்கார வைத்தது. 1996-இல் அம்மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் சேர்ந்து நோயாளிகளைக் கவனிக்கும் வார்டும் தொடங்கியது. 2010-இல் உலகச் சுகாதார நிறுவனமும் இம்முறையை எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்தது.

மிஸ்ஸியை டாக்டராக்குவது இதன் நோக்கமன்று. தான் கண்டதைத் தயங்காமல் டாக்டரிடம் சொல்ல மிஸ்ஸி பழக வேண்டும். அதைக் காது கொடுத்துக் கேட்க டாக்டர் பழக வேண்டும். அவ்வளவுதான்!

அந்தக் குழுவில் ஐந்தாவது ஆள் யார் தெரியுமா? நீங்கள்தான்! கிளினிக்குக்குப் போகும்போது வீட்டிலுள்ள மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள். என்ன வேலை, எப்போது பசியாறுகிறீர்கள், எந்த மாத்திரையை நிறுத்தினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஒருவரிடம் சொன்னதை மற்றவரிடமும் சொல்லுங்கள். இரவில் படுக்குமுன் பாதத்தைப் பாருங்கள். சிறு புண் கண்டாலும் உடனே காட்டுங்கள்.

ஒரு கை தட்டினால் ஓசை வருமா? அவர்கள் கையோடு உங்கள் கையும் சேரட்டும்!