பீடி விக்கலாம், குட்கா வித்தா பறிமுதல்... ஒரே புகையிலைக்கு ஏன் இத்தனை சட்டம்?

"அண்ணாச்சி, அந்தப் பாக்கெட்டு இருக்கா?"

நெல்லையில் பெட்டிக்கடை நடத்துபவர்களுக்கு, பெயர் சொல்லாமல் கேட்கப்படும் இந்தக் கேள்வி புதிதல்ல. எடுத்துக் கொடுத்தால் நாலு காசு கிடைக்கும். மாட்டினால் சரக்கும் போகும், கடைக்கும் பூட்டு விழும்.

ஆனால் முக்கூடல், வீரவநல்லூர், மேலப்பாளையம் என தாமிரபரணி வட்டாரம் முழுக்க, பெண்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்கள். அதிலும் இருப்பது புகையிலைதான். அந்தப் பீடிக்கட்டு அதே பெட்டிக்கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்குகிறது. ஒன்று தொழில், இன்னொன்று குற்றம். இது எப்படி?

புகையிலைக்கென்று ஒரே சட்டம் இல்லை என்பதுதான் காரணம். மென்றால் ஒரு சட்டம், புகைத்தால் ஒரு சட்டம், பேட்டரி கருவியில் ஆவியாக இழுத்தால் வேறொரு சட்டம்.

மெல்லும் புகையிலை: சட்டத்தின் கண்ணில் 'உணவு'

குட்கா, பான் மசாலா போன்றவை வாயில் போட்டு மெல்லப்படுவதால், உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006-க்குள் கொண்டுவரப்பட்டன. எந்த உணவுப் பொருளிலும் புகையிலையோ நிகோடினோ சேர்க்கக் கூடாது என்கிறது 2011-ம் ஆண்டு விதிமுறை. அந்தச் சட்டத்தின் 30(2)(ஏ) பிரிவைப் பயன்படுத்தி, தமிழக உணவுப் பாதுகாப்பு ஆணையர் 2013 மே மாதம் தடை ஆணை பிறப்பித்தார்.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் கடைக்குள் நுழைந்து சோதனையிடவும், மாதிரி எடுக்கவும், சரக்கைப் பறிமுதல் செய்யவும் 38-வது பிரிவு அதிகாரம் தருகிறது. தமிழகத்தின் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்களில் ஒன்று பாளையங்கோட்டையிலேயே இருக்கிறது. மாதிரி கிடைத்த 14 நாள்களுக்குள் பகுப்பாய்வாளர் அறிக்கை தர வேண்டும்.

முதல் முறை சிக்கினால் ரூ.25,000 அபராதம், 15 நாள் கடை மூடல். இரண்டாம் முறை ரூ.50,000, 30 நாள். மூன்றாம் முறை ரூ.1 லட்சம், 90 நாள்.

இந்தத் தடை நிரந்தரமா?

இல்லை. இங்கேதான் சிக்கல். 30(2)(ஏ) பிரிவின் கீழ் அதிகபட்சம் ஓராண்டுதான் தடை விதிக்க முடியும். அதனால் தமிழக அரசு ஆண்டுதோறும் புது ஆணை போட்டு வந்தது. தற்காலிக அதிகாரத்தை இப்படி வருடாவருடம் நீட்டிக்க முடியாது என்று கூறி, 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் தடை ஆணையை ரத்து செய்தது. அரசு மேல்முறையீடு செய்ய, அதே ஆண்டு ஏப்ரலில் அந்தத் தீர்ப்புக்கு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

பீடி, சிகரெட்: விற்கலாம், ஆனால்...

புகைப்பது 'உணவு' கணக்கில் வராது. பீடி, சிகரெட்டுக்கு 2003-ம் ஆண்டு புகையிலைப் பொருள்கள் சட்டம் பொருந்தும். அது விற்பனையைத் தடை செய்யவில்லை, கட்டுப்படுத்துகிறது. பாக்கெட்டில் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும். விதியை மீறிய பாக்கெட்டை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத போலீஸ் அதிகாரி பறிமுதல் செய்யலாம். ஆனால் மாவட்ட நீதிபதியின் ஒப்புதல் இல்லாமல் 90 நாளுக்கு மேல் அதை வைத்திருக்க முடியாது.

இ-சிகரெட்: முழுத் தடை

வேப், இ-சிகரெட் விஷயத்தில் குழப்பமே இல்லை. 2019-ம் ஆண்டு மத்திய சட்டம் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாவற்றையும் தடை செய்துவிட்டது. ஆன்லைன் விற்பனைக்கும் இது பொருந்தும். முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் பிடிபட்டால் 3 ஆண்டு வரை சிறையும் ரூ.5 லட்சம் வரை அபராதமும். சரக்கைச் சேமித்து வைத்தாலே 6 மாதம் வரை சிறை அல்லது ரூ.50,000 வரை அபராதம், அல்லது இரண்டும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்றால்?

18 வயதுக்கு உட்பட்டவருக்கு விற்றாலோ, கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் விற்றாலோ 2003-ம் ஆண்டு சட்டப்படி அபராதம் வெறும் 200 ரூபாய் வரைதான். 'அவ்வளவுதானா' என்று கடைக்காரர் நினைத்துவிடக் கூடாது. சிறார் நீதிச் சட்டம் 2015-ன் 77-வது பிரிவு, குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் ரூ.1 லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது.

மாணவர்களிடையே பரவும் 'கூல் லிப்' பற்றி 2024-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கவலை தெரிவித்து, நாடு முழுவதும் ஏன் தடை விதிக்கக் கூடாது என்று கேட்டது. நெல்லை மாவட்டமும் இந்தக் கிளையின் எல்லைக்குள்தான் வருகிறது.

சோதனைக்கு வந்தால் கடைக்காரர் என்ன செய்யலாம்?

* வந்தவர் யார், எந்தச் சட்டத்தின் கீழ் சோதனை என்று கேட்கலாம்.
* என்ன, எவ்வளவு எடுக்கப்பட்டது என்ற விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்கி வைக்க வேண்டும்.
* பகுப்பாய்வு அறிக்கையில் உடன்பாடு இல்லையென்றால் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம்.
* எந்த நியாயமும் இல்லாமல், தொல்லை கொடுக்கவே உணவுப் பாதுகாப்பு அலுவலர் பறிமுதல் செய்திருந்தால், 39-வது பிரிவின்படி அவருக்கே ரூ.1 லட்சம் வரை அபராதம் விதிக்க இடம் உண்டு.

எச்சரிக்கைப் படம் போட்ட பீடிக்கட்டு கடையில் தொங்கலாம். "அந்தப் பாக்கெட்டு" கல்லாப்பெட்டிக்கு அடியில் ஒளிந்திருந்தாலும் ஆபத்துதான். ஆனால் அதற்கான தடை இன்னும் ஓராண்டு ஆணைகளையும், ஓர் இடைக்கால உத்தரவையும் நம்பியே நிற்கிறது.