புதுக் கண்ணாடி... சாயும் பூமி!

ஆரணி பஸ் ஸ்டாண்ட். காலை ஏழு மணி. காலேஜுக்குப் போக வேலூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுறேன். பிளாட்பாரத்துலேர்ந்து இறங்கக் காலை வைக்கிறேன்... தரை இருக்கவேண்டிய இடத்துல இல்லை! தடுமாறி, பக்கத்துல இருந்த தூணைக் கட்டிப்பிடிச்சுதான் நின்னேன். “கண்ணாடிதான் போட்டிருக்கியே தம்பி, பார்த்து வரக்கூடாதா?”ன்னு பூக்காரம்மா கேட்டாங்க. அவங்ககிட்ட எப்படிச் சொல்றது... கண்ணாடி போட்டதுதாங்க பிரச்னையே!

முந்தின நாள்தான் பவர் மாத்தியிருந்தேன். மைனஸ் ஏறியிருந்துச்சு. கூடவே, முதல் தடவையா சிலிண்டர் பவரும். போர்டுல எழுத்தெல்லாம் பளிச். ஆனா, கிளாஸ் ரூம் கதவு ஒரு பக்கமா சாய்ஞ்சு நிக்குது. சதுரமான நோட்டு சரிவகமா தெரியுது. தலையைத் திருப்பினா மொத்த வகுப்பும் மீன் தொட்டி மாதிரி நீந்துது. மதியத்துக்குள்ள மண்டையிடி! பையிலிருந்த பழைய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டேன். அப்பாடா...

அந்த ‘அப்பாடா’தான் நான் செஞ்ச முதல் தப்பு!

மூளைக்கு ஒரு டியூஷன்

நாம தலையை வலது பக்கம் திருப்பினா, கண்ணு ரெண்டும் தானாவே அதே அளவு இடது பக்கம் திரும்பும். அதனாலதான் நடக்கும்போதும் ஓடும்போதும் காட்சி குலுங்காம நிக்குது. எவ்வளவு திரும்பணும்ங்கிற கணக்கை மூளை மனப்பாடமா வெச்சிருக்கு. மைனஸ் லென்ஸ் பொருளைச் சின்னதாக்கிக் காட்டும். ப்ளஸ் லென்ஸ் பெருசாக்கும். பவர் மாறினா மூளையோட பழைய கணக்கு தப்பாயிடும். காட்சி நீந்துறது அதனாலதான். சிலிண்டர் லென்ஸோ ஒரு திசையில மட்டும் காட்சியைக் கொஞ்சம் இழுத்துக் காட்டும். அதான் கதவு சாய்ஞ்ச ரகசியம்.

மூளை புதுக் கணக்கைக் கத்துக்கும். ஆனா, அதுக்குத் தொடர்ந்து பாடம் நடத்தணும். நடுநடுவே பழைய கண்ணாடியைப் போட்டா, பாதி மாத்தின கணக்கை அழிச்சு மறுபடி எழுத வேண்டியதுதான்!

ஜார்ஜ் ஸ்ட்ராட்டன்னு ஒரு அமெரிக்க உளவியல் அறிஞர். உலகத்தையே தலைகீழா காட்டுற லென்ஸை ஒரு கண்ணுல மாட்டிக்கிட்டு, இன்னொரு கண்ணை மூடிக்கிட்டு எட்டு நாள் சோதனை நடத்தி, முடிவை 1897-ல வெளியிட்டார். முதல்ல கையை நீட்டினா எதுவும் அகப்படலை. சில நாள்ல வீட்டுக்குள்ள நடமாடவே பழகிட்டார். தலைகீழ் உலகத்துக்கே பழகுற மூளைக்கு என்னோட சிலிண்டர் பவர் எம்மாத்திரம்? பழைய கண்ணாடியை பீரோவுல போட்டுப் பூட்டினேன். ஒரு வாரத்துல கதவு நேரா நின்னுடுச்சு!

அப்பாவுக்கு மட்டும் ஏன் பழகலை?

நான் பவர் மாத்தின அதே நாள் அப்பாவுக்கும் கண்ணாடி வாங்கினோம். அப்பாவுக்கு 53 வயசு. குழித்தறியில பட்டு நெய்யறவர். புவிசார் குறியீடு வாங்கின ஆரணிப் பட்டுதான் எங்க வீட்டுச் சோறு.

பட்டுப் பாவுல ஆயிரக்கணக்கான இழைகள். அதுல ஒண்ணு அறுந்ததைக் கவனிக்காம நெய்துட்டா, சேலையில கோடு விழும். போன வருஷம் அப்படி ஒரு சேலையில கோடு. பாவு கொடுத்த முதலாளி கூலியில பிடிச்சுக்கிட்டார். பணம் போனதைவிட, “என்னாப்பா, கண்ணு போயிடுச்சா?”ன்னு அவர் கேட்டதுதான் அப்பாவுக்கு வலி. அதுக்கப்புறம்தான் விஷயமே தெரிஞ்சுது. ரெண்டு வருஷமா இழை தெரியாம தடவித் தடவித்தான் நெய்துக்கிட்டு இருந்திருக்கார். கண்ணு தெரியலைன்னு வெளியில தெரிஞ்சா பாவு தரமாட்டாங்களோங்கிற பயத்துல யார்கிட்டயும் மூச்சு விடலை.

இது நோய் இல்லீங்க. நாற்பதைத் தாண்டினா கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் இறுகிப்போய், பக்கத்துல இருக்கிறதைக் குவிச்சுப் பார்க்க முடியாம போகும். ஊர்ல இதுக்குப் பேரு வெள்ளெழுத்து. எல்லாருக்கும் வரும். உனக்கும் எனக்கும் சேர்த்துத்தான்!

அப்பா புதுக் கண்ணாடியை மூணு நாள் போட்டார். அப்புறம் அது அலமாரியில, சாமி படத்துக்குப் பக்கத்துல போய் உட்கார்ந்துடுச்சு. “பேப்பர் நல்லா தெரியுது. தறியில ஒண்ணும் சரியில்லை”ன்னார். நான்தான் ஸ்ட்ராட்டனையே படிச்ச அறிவாளி ஆச்சே! “கழட்டிக் கழட்டி வெச்சா எப்படிப்பா பழகும்? நான் பழகலையா?”ன்னு எகிறினேன். பாவம், மறுபடி போட்டார். மூணு வாரம் ஆச்சு. குனிஞ்சு குனிஞ்சு நெய்து கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

இஞ்ச் டேப் சொன்ன உண்மை

ஒருநாள் சாயங்காலம் தறிக்குப் பக்கத்துல உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். கண்ணாடி போட்டா குனியறார். கழட்டினா நிமிர்றார். என்னவோ தோண, அம்மாவோட இஞ்ச் டேப்பை எடுத்து வந்து, அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது கண்ணுலேர்ந்து அச்சு வரைக்கும் அளந்தேன். 65 சென்டிமீட்டர்!

படிக்கிற கண்ணாடிக்குப் பவர் பார்க்கும்போது, எழுத்து அட்டையைச் சுமார் 40 சென்டிமீட்டர்லதான் பிடிக்கச் சொல்வாங்க. பிளஸ் டூ பிசிக்ஸை ஞாபகப்படுத்திக்குங்க. 100-ஐ சென்டிமீட்டர் தூரத்தால வகுத்தா டயாப்டர். 40 செ.மீ.க்கு 2.5. 65 செ.மீ.க்கு சுமார் 1.5. முழுசா ஒரு டயாப்டர் வித்தியாசம்! அப்பாவுக்குக் கொடுத்தது பேப்பர் படிக்கிற கண்ணாடி. தறிக்கான கண்ணாடி இல்லை. எத்தனை வருஷம் போட்டாலும் அது பழகாது.

(இந்தக் கணக்கை வெச்சு நீங்களே கடையில கண்ணாடி வாங்கிடாதீங்க ப்ளீஸ். தூரப் பார்வை பவர், கண்ணுல மிச்சமிருக்கிற குவிக்கும் சக்தி எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் நம்பர் எழுதுவாங்க.)

அளவை ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக்கிட்டு மறுபடி போனோம். பவர் பார்த்தவர் அதை வாங்கிப் பார்த்துட்டு, “தறி வேலைன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே”ன்னார். அவங்க கேட்கலை, நாங்க சொல்லலை. நெய்யறதுக்குத் தனியா ஒரு கண்ணாடி வந்துச்சு. ரெண்டாம் நாளே அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து நெய்தார். அறுந்த இழையை எடுத்து முடிச்சுப் போட்டுட்டு, திரும்பி என்னைப் பார்த்து, “பழகிடுச்சுடா”ன்னார். வேற எதுவும் சொல்லலை. எனக்குத்தான் தொண்டை அடைச்சுது.

ஒரு கண்ணாடி... கூடுதல் கூலி!

அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்கள்ல 40 வயசைத் தாண்டின 751 தொழிலாளிகளை வெச்சு ஒரு ஆய்வு நடந்துச்சு. வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவங்க, போடாதவங்களைவிட சுமார் 21.7 சதவிகிதம் கூடுதலா பறிச்சாங்க. இது 2018-ல வெளியான முடிவு. 2024-ல பங்களாதேஷ் ஆய்வு ஒண்ணு வந்துச்சு. எட்டே மாசத்துல, கண்ணாடி கிடைச்சவங்க வருமானம் கிடைக்காதவங்களைவிட சுமார் 33 சதவிகிதம் கூடுதல்! வயசாயிடுச்சு, கை ஓடலைன்னு நாம நினைக்கிற பலருக்குக் கை நல்லாவே ஓடுது பாஸ். கண்ணாடிதான் இல்லை.

புதுக் கண்ணாடியா? இதைப் படிங்க!

* காலையில எழுந்ததுமே மாட்டுங்க. பழசை ஒளிச்சு வைங்க.

* முதல் ரெண்டு மூணு நாள் படிக்கட்டுல கைப்பிடியை விடாதீங்க. வண்டி ஓட்டுறதைத் தள்ளிப்போடுங்க.

* அப்பா, அம்மாவுக்கு ப்ரோக்ரெஸிவ் லென்ஸா? ஓரத்துல மங்கலாத்தான் தெரியும். பக்கவாட்டுல பார்க்க கண்ணை மட்டும் இல்லாம தலையையும் திருப்பச் சொல்லுங்க. படி இறங்கும்போது முகவாயைத் தாழ்த்தி, லென்ஸோட மேல் பகுதி வழியா பார்க்கணும்.

* பெரும்பாலும் சில நாள்லேர்ந்து ரெண்டு வாரத்துக்குள்ள பழகிடும். அதுக்கு மேலயும் தலைவலி, மங்கல் இருந்தா, வாங்கின இடத்துக்கே திரும்பப் போங்க. பவர், லென்ஸ் மையம், ஃப்ரேம் பொருத்தம் எல்லாத்தையும் சரிபார்க்கச் சொல்லிக் கேட்கிறது உங்க உரிமை.

* எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதா? திடீர்னு பார்வை மங்குதா? மின்னல் மாதிரி வெளிச்சம் வெட்டுதா? உடனே கண் டாக்டர்.

* வீட்டுல சர்க்கரை உள்ளவங்க இருக்காங்களா? சர்க்கரை ஏறி இறங்கினா கண் பவரும் மாறும். அது கட்டுக்குள்ள வந்த பிறகு பவர் பார்க்கிறது நல்லது.

* தறி, தையல் மெஷின், கம்ப்யூட்டர்... என்ன வேலையோ, அந்தத் தூரத்தை அளந்து எழுதிக்கிட்டுப் போங்க.

இந்த வார லீவுக்கு ஊருக்குப் போறீங்களா? அப்பா, அம்மா செல்போனைக் கை நீட்டித் தள்ளிப் பிடிச்சுப் படிக்கிறாங்களான்னு பாருங்க. “பழகிக்கோப்பா”ன்னு சொல்றதுக்கு முன்னாடி, ஒரு இஞ்ச் டேப்பைக் கையில எடுங்க!