மடங்கும் மூவுடற் படகு: அதன் கட்டும் காப்பும்

‘கட்டுமரம்’ என்பது நம் மீனவர் வழங்கும் சொல். மரத் துண்டுகளைக் கயிற்றால் பிணைத்துக் கடலில் செலுத்தும் கலத்திற்கு அவர்கள் இட்ட பெயர் அது. சோழமண்டலக் கரைக்கு வந்த ஐரோப்பியர் அச்சொல்லைத் தம் மொழியில் ஏற்றுக்கொண்டனர். ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697ஆம் ஆண்டில் வெளியிட்ட பயண நூலில் அது இடம்பெற்றுள்ளது. நாளடைவில் ‘கட்டமரான்’ எனத் திரிந்த அச்சொல், இரண்டு உடல்களைச் சேர்த்துக் கட்டிய படகைக் குறிக்கலாயிற்று. மூன்று உடல்கள் கொண்ட படகு தோன்றியபோது அதற்கு ‘டிரைமரான்’ என்று பெயரிட்டனர். 1940களில் இப்பெயரைப் புனைந்தவர், உக்ரேனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய விக்டர் செச்செட் என்பார். அப்பெயரின் ஈற்றில் நிற்கும் ‘மரான்’ நம்முடைய ‘மரம்’ தான்.

பெயரில் தமிழ் இருப்பினும், அமைப்பு வேறு மக்களுடையது என்பதையும் கூறிவிட வேண்டும். நடுவில் ஓர் ஓடமும் இருபுறமும் மிதவைகளும் வைத்துக் கட்டும் முறை, மலாய்த் தீவுகளிலும் பசிபிக் பெருங்கடலிலும் பரவி வாழ்ந்த ஆஸ்திரோனீசிய மக்களின் தொல்கலை. பிலிப்பைன், இந்தோனேசியக் கரைகளில் இத்தகைய ஓடங்களை இன்றும் காணலாம். அந்தத் தொல்கலையின் புது வடிவமே இக்கட்டுரையில் விளக்கப்படும் மடங்கும் மூவுடற் படகு. லங்காவித் துறைகளில் பாய்மரப் படகுகள் வரிசையாக நிற்பதைக் கண்டவர்கள், அவை வேலையின்றி ஓய்வெடுப்பதாக எண்ணியிருக்கலாம். உண்மை யாதெனில், துறையில் நிற்கும் படகு நாள்தோறும் தேய்ந்துகொண்டே இருக்கிறது. மடங்கும் படகுக்கு இது இரு மடங்கு பொருந்தும். எவ்வாறு என்பதைக் காண்போம்.

ஏன் மடக்க வேண்டும்?

ஓருடற் பாய்மரப் படகு, காற்றில் கவிழாதிருக்க அடியில் ஈயத்தையோ இரும்பையோ சுமந்து செல்கிறது. மூவுடற் படகுக்கு அச்சுமை வேண்டுவதில்லை. அதன் அகலமே அதனை நிமிர்த்தி நிறுத்துகிறது. சுமை இல்லாததால் அது இலேசாகவும் விரைவாகவும் ஓடும். ஆனால் அந்த அகலம் கரைக்கு வந்ததும் தொல்லையாகிறது. துறையில் அதற்கு இரண்டு படகுகளின் இடம் வேண்டும். சாலை வழியே வண்டியில் ஏற்றிச் செல்லவும் இயலாது.

இச்சிக்கலுக்கு விடை கண்டவர்களுள் முதன்மையானவர் நியூசிலாந்தில் பிறந்த இயன் ஃபேரியர். 1970களில் ஆஸ்திரேலியாவில் தம் மடிப்பு முறையை உருவாக்கிய அவர், 1984ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் சூலா விஸ்டா நகரில் கோர்சேர் மரீன் என்னும் படகுக் கூடம் தொடங்கப்படுவதற்குக் காரணமாயிருந்தார். அங்கே உருவான எஃப்-27 என்னும் படகின் நீளம் சுமார் 8.2 மீட்டர். விரித்தால் அகலம் சுமார் 5.8 மீட்டர், மடக்கினால் சுமார் 2.6 மீட்டர் மட்டுமே. கோர்சேர் படகுகளைக் கட்டும் பணி பின்னாளில் நம் அண்டை நாடான வியட்நாமுக்கு மாறியது. ஃபேரியர் 2017ஆம் ஆண்டில் காலமானார்.

இருவகை மடிப்பு

ஃபேரியர் முறையில், நடு உடலையும் மிதவையையும் இணைக்கும் குறுக்குக் கைகள் கீல்களில் சுழல்கின்றன. கையின் உள்முனை மேலெழ, மிதவை கீழிறங்கி நடு உடலின் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்கிறது. பறவை தன் சிறகை ஒடுக்கிக்கொள்வதை இதற்கு ஒப்பிடலாம். கையோடு மிதவையும் சுழல்வதால், விரிந்த நிலையில் வெளிப்புறமாக இருந்த அதன் பக்கம் இப்போது நீரை நோக்கித் திரும்பிவிடுகிறது. இதனை வாசகர்கள் நினைவிற் கொள்க.

டென்மார்க்கின் குவார்னிங் நிறுவனம் கட்டும் டிராகன்ஃப்ளை படகுகளில் முறை வேறு. அங்கே கைகள் கதவைப் போலப் பின்னோக்கித் திரும்புகின்றன. மிதவை நிமிர்ந்தபடியே இருக்கும். ஆனால் அது நடு உடலுக்குப் பின்னே நீண்டு நிற்பதால் படகின் மொத்த நீளம் கூடிவிடுகிறது. முன்னதில் மிதவையின் பக்கம் நனைகிறது. பின்னதில் துறையில் நீளமான இடம் வேண்டியிருக்கிறது. விலை கொடாமல் எந்த வசதியும் கிட்டுவதில்லை.

பாய்மரத்தின் கட்டு

பந்தற்கால் நடுவோர் அதனைத் தாங்கும் கயிற்றைக் காலின் அடியிலேயே கட்டமாட்டார்கள். சற்றுத் தள்ளி முளை அடித்துக் கட்டுவார்கள். முளை தூரமாக இருந்தால் கயிற்றில் ஏறும் விசை குறையும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருக்கின்றனர். பாய்மரத்திற்கும் அதே விதிதான். காற்று ஒரே அளவில் தள்ளும்போது, தாங்கு கம்பியின் அடி இரு மடங்கு தூரத்தில் இருப்பின் கம்பியின் இழுவிசை ஏறத்தாழப் பாதியாகும். ஆகவே மூவுடற் படகில் பக்கத் தாங்கு கம்பிகளை அகலத்தில் அமைந்த மிதவைகளிலேயே பிணைக்கின்றனர். முன்னே அணியத்திலிருந்து ஒரு கம்பி செல்கிறது. இம்மூன்று புள்ளிகளே பாய்மரத்தை நிறுத்தி வைக்கின்றன.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உள்ளன. முதலாவது: பெருங்காற்று அடிக்கும்போது ஓருடற் படகு சாய்கிறது; சாயும்போது பாயிலிருந்து காற்று வழிந்துவிடுகிறது. மூவுடற் படகு அவ்வளவாகச் சாயாது. வழிய வேண்டிய விசை முழுவதும் வேகமாக மாறுவதோடு, கம்பிகளிலும் பாய்மரத்திலும் ஏறுகிறது. ஆகவே காற்று முற்றுவதற்கு முன்பே பாயைச் சுருக்கிவிட வேண்டும். படகு சாய்ந்து எச்சரிக்கும் என்று காத்திருப்பவர் ஏமாறுவார். அளவுக்கு மீறிய பாயுடன் ஓடி ஒருமுறை கவிழ்ந்தால், அது மூழ்காமல் மிதக்குமாயினும் தானாக நிமிராது.

இரண்டாவது: மிதவையில் பிணைத்த கம்பி, மிதவை மடங்கியதும் தொய்ந்துபோகும். தொய்ந்த கம்பி பாய்மரத்தைத் தாங்காது. எனவே மடக்குவதற்கு முன்பே பாய்மரத்திற்கு வேறு துணை செய்தல் வேண்டும். பாயை ஏற்றும் கயிறாகிய ஆஞ்சான்களை நடு உடலின் இருபுறமும் இழுத்துக் கட்டுவது எளிய வழிகளுள் ஒன்று. இவ்வாறு கட்டாத பாய்மரம் அக்கம்பக்கத்துப் படகுகளின் அலையில் இரவு முழுவதும் ஆடி, தன் அடிப்பீடத்தையே தேய்த்துக்கொள்ளும்.

துறையில் நிற்கும்போது

கடல்நீரில் கிடக்கும் எதன்மீதும் முதலில் வழுக்கும் பாசி படரும். பிறகு கொட்டலசுகள் ஒட்டும். மலாய் மொழியில் ‘தெரித்திப்’ எனப்படுபவை இவையே. வெப்பக் கடலில் இவற்றின் வளர்ச்சி மிக விரைவு. இதைத் தடுக்கப் படகின் அடியில் செப்புக் கலந்த பூச்சு பூசுவர். செப்பு சிறிது சிறிதாகக் கரைந்து நீரில் கலக்க, ஒட்ட வரும் உயிர்கள் அண்டாதிருக்கும். மேலே குறிப்பிட்ட மிதவையின் பக்கத்தில் இப்பூச்சு இருப்பதில்லை. அது அழகுக்கெனப் பளபளப்பாக விடப்பட்ட பகுதி. மடக்கிய நிலையில் சில வாரங்கள் விட்டுவைத்தால் அங்கே கொட்டலசுகள் குடியேறிவிடும். நெடுநாள் மடக்கி வைப்பவர், அப்பக்கத்திற்கும் பூச்சு பூசுதல் வேண்டும்; அல்லது விரித்து வைக்கும் இடம் தேட வேண்டும்.

பூச்சைத் தேர்வதிலும் பொறுப்பு உண்டு. வெள்ளீயச் சேர்மம் கலந்த பழைய பூச்சுகள் சிப்பி முதலியவற்றைப் பெரிதும் கெடுத்தமையால், 2008ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அனைத்துலக ஒப்பந்தம் அவற்றைத் தடை செய்தது. செப்பும் அளவு மிஞ்சினால் தீங்கே. சூலா விஸ்டாவுக்கு அருகில், சான் டியேகோ விரிகுடாவிலுள்ள ஷெல்டர் தீவுப் படகுத்துறை நீரில் செப்பு மிகுந்துவிட்டதால், அதனைக் குறைப்பதற்கான ஆணை 2005ஆம் ஆண்டில் பிறப்பிக்கப்பட்டது. பலர் படகு நிறுத்தும் துறையின் நீர் பலருக்கும் பொதுவன்றோ!

மடக்கிய படகின் நிற்கும் தன்மையும் வேறு. அகலம் குறைந்ததால் அது எளிதில் ஆடும். மடக்கிய மிதவைமேல் பாரமானவர் ஏறி நிற்பது தகாது. மடக்கிய நிலையில் பாய் விரித்துச் செல்வதும் கூடாது. அமைதியான நீரில் இயந்திரத்தின் துணையோடு மட்டுமே செல்லலாம்.

உப்பும் உலோகமும்

இரு வேறு உலோகங்களை உப்புநீரில் வைத்து இணைத்தால் மின்னோட்டம் உண்டாகும் என்பது பள்ளிப் பாடம். வோல்ட்டா 1800ஆம் ஆண்டில் அறிவித்த மின்கலத்தின் தத்துவம் இதுவே. படகில் அலுமினியப் பாய்மரமும் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியும் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. உப்பு ஈரம் படிந்ததும் அங்கே ஒரு சிறு மின்கலம் தோன்றி, அலுமினியம் வெண்பொடியாக அரிக்கப்படுகிறது. இதனால் இரண்டிற்கும் இடையே காப்புப் பசையோ மெல்லிய தகடோ வைக்கின்றனர். நீருக்குள் இருக்கும் உலோக உறுப்புகளுக்குத் துத்தநாகக் கட்டியைப் பொருத்துவர். துத்தநாகம் முதலில் அழிந்து மற்றவற்றைக் காக்கிறது. கரையிலிருந்து மின்கம்பி இழுத்து வைத்திருக்கும் படகில் கசிவு மின்னோட்டம் இருந்தால் அக்கட்டி மேலும் விரைவாகக் கரையும்.

இவ்வகைக் காப்பை 1824ஆம் ஆண்டில் ஆங்கிலக் கடற்படைக்கு எடுத்துரைத்தவர் விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி. கப்பலின் செப்புத் தகடு கரைவதை அவர் நிறுத்திக் காட்டினார். ஆனால் செப்பு கரைவது நின்றதும், அதில் பாசியும் கொட்டலசும் தாராளமாக வளரத் தொடங்கின! அரிமானத்தைத் தடுத்த மருந்து வேறொரு நோய்க்கு வழிவிட்டது.

துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரை நம்பியும் இருந்துவிடக் கூடாது. அவ்வுலோகத்தைக் காப்பது காற்றிலுள்ள உயிர்வளியால் அதன்மேல் உண்டாகும் மெல்லிய படலமே. உப்புநீர் தேங்கி, காற்றுப் புகாத இடுக்கில் அப்படலம் நிலைப்பதில்லை. 19 இழைகள் முறுக்கிய தாங்கு கம்பி, அதன் கடைமுனைக் குழலுக்குள் புகும் இடம் இத்தகைய இடுக்காகும். அங்கே பழுப்புக் கறை தென்பட்டால் ஐயுறுக. ஓர் இழை அறுந்து முள்போல் நீட்டிக்கொண்டிருந்தால், அக்கம்பியை உடனே மாற்றுக. வெளியே பழுது தெரியாவிடினும், உப்புநீரில் ஓடும் படகின் கம்பிகளைப் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது பலரும் பின்பற்றும் முறை.

நடு உடலுக்கும் மிதவைக்கும் இடையே கட்டிய வலையையும் மறக்கலாகாது. வெயில் முதலில் தின்பது வலையின் தையல் நூலை. வலை புதிதுபோல் தோன்ற, தையல் இற்றுப்போயிருக்கும். அலையின் நடுவே அதன்மேல் கால் வைத்தவர் கடலில் விழுவார். மூடிய மிதவைகளுக்குள்ளும் மழைநீர் இறங்கும். 100 லிட்டர் நீர் 100 கிலோ எடை. ஒரு மிதவை மட்டும் அவ்வளவு சுமந்தால் படகின் சமநிலை கெடும். ஆகவே மூடியைத் திறந்து துடைத்துக் காற்றாட விடுவது வாரந்தோறும் செய்ய வேண்டிய வேலை.

புறப்படும் முன்

மடக்கிய படகை விரித்தவுடன் முதற்பணி, குறுக்குக் கைகளின் திருகாணிகளை இறுக்குவது. எஃப்-27 படகில் இவை நான்கு. அலையில் மிதவை ஒரு கணம் மேலே தள்ளப்படும். மறுகணம் கீழே தொங்கும். திருகாணி தளர்ந்திருந்தால் மூட்டு ஆடும். ஆடும் மூட்டில் துளை பெரிதாகும். பெரிதான துளையில் எந்தத் திருகாணியும் நிலையாது. கைகள் இறுகிய பின்பே தாங்கு கம்பிகளை இழுத்துக் கட்ட வேண்டும். கம்பிகள் இறுகிய பின்பே துணைக்குக் கட்டிய ஆஞ்சான்களை அவிழ்க்க வேண்டும். அதன் பின்னரே பாய் ஏறலாம். இவ்வரிசையை மாற்றுவது பாய்மரத்தை இழப்பதற்கு வழியாகும்.

மடங்கும் படகின் வசதி முழுவதும் அதன் மூட்டுகளில் இருக்கிறது. அதன் பலவீனமும் அதே மூட்டுகளில்தான் இருக்கிறது. மடங்காத படகில் இல்லாத கீலும் திருகாணியும் தொய்யும் கம்பியும் இதில் உண்டு. ஆதலால் இதனை வைத்திருப்போர், ஓட்டும் நாளைவிட ஓட்டாத நாளில்தான் அடிக்கடி பார்வையிட வேண்டும். வாரத்திற்கு ஒருமுறை துறைக்குச் சென்று, நன்னீரால் உப்பைக் கழுவி, நான்கு திருகாணிகளையும் மூன்று தாங்கு கம்பிகளையும் கையால் தொட்டுப் பார்த்துத் திரும்புவதற்கு ஒரு மணி நேரம் போதும். கரையில் செலவிடும் அந்த ஒரு மணி நேரமே நடுக்கடலில் உயிரைக் காக்கும்.